வேறு வழியில்லையா?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒரு மாலைப்பொழுது. படிப்பு வட்டம் நடத்தும் இளைஞர் சிலர் நம்மைப் பேச அழைத்திருந்தனர். கூட்டம் தொடங்குமுன் நான்கு தோழர்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாமும் எட்டிப் பார்த்தோம். மலையைக் குடைந்து கட்டிய கோட்டை. அதனுள் ஒரு கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரு நெம்புகோல். அதன்மீது ஓர் இளம்பெண்ணின் கை. அந்தக் கையின்மீது ஓர் இளைஞனின் கை. இருவரும் சேர்ந்து இழுக்கின்றனர். அடுத்த சில நொடிகளில், உணவுக் கூடத்தில் அமர்ந்திருந்த ஆணும் பெண்ணும், குழந்தையும் முதியவரும் தோல் வெந்து சாய்கின்றனர்.

காட்சி முடிந்தது. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு தோழர் சொன்னார்: “வேறு வழியில்லையே! அவள் என்ன செய்வாள், பாவம்!”

செத்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். ‘பாவம்’ என்ற சொல் போய்ச் சேர்ந்ததோ கொன்றவளுக்கு!

எடுத்துச் சென்ற குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, அன்று அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம். இரவு நெடுநேரமாகியும் பேச்சு தீரவில்லை. தீராததை இங்கே எழுதுகிறோம்.

தொடரின் பெயர் ‘தி ஹண்ட்ரட்’. ‘நூறு பேர்’ என்று தமிழில் கொள்ளலாம். கேஸ் மார்கன் எழுதிய நாவலைத் தழுவி ஜேசன் ராதன்பர்க் உருவாக்கியது. சி.டபிள்யூ. தொலைக்காட்சியில் 2014 மார்ச்சில் தொடங்கி 2020 செப்டம்பரில் நிறைவுற்றது. ஏழு பருவங்கள், நூறு பகுதிகள். நம் இளைஞர் பலர் இதை இன்றும் தேடிப் பார்க்கின்றனர், பார்த்துவிட்டு வாதிடுகின்றனர். வாதிடத் தூண்டும் கலையைத் திறனாய்வது நம் கடமை.

கதையைச் சுருக்கிச் சொல்வோம். அணுகுண்டுப் போரில் உலகம் வெந்து 97 ஆண்டுகள் கழிந்துவிட்டன. தரையில் மனிதர் எவரும் இல்லை என்று நம்பிக்கொண்டு, எஞ்சியோர் விண்வெளி நிலையம் ஒன்றில் வாழ்கின்றனர். ‘ஆர்க்’, அதாவது ‘பேழை’ என்பது அதன் பெயர். அங்கே காற்றுக்கும் கணக்கு, நீருக்கும் கணக்கு. குற்றம் செய்தவர் வயது வந்தவரானால், கதவைத் திறந்து வெட்டவெளியில் தள்ளிவிடுவர். பதினெட்டு நிரம்பாதவரானால் சிறையில் வைப்பர். அந்தச் சிறையிலிருந்த நூறு பேரைத் தரைக்கு அனுப்புகின்றனர், மண் வாழத் தக்கதா என்று அறிவதற்காக. இறங்கியவர்கள் காண்கிறார்கள்: மண்ணில் மனிதர் இருக்கிறார்கள்! அன்று தொடங்குகிறது போர். முதலில் தரைவாழ் குலத்தாரோடு. பிறகு மவுண்ட் வெதர் என்ற மலைக்கோட்டைக்குள் வாழ்வோரோடு. பிறகு தம்முள் தாமே. கிளார்க் என்ற பதின்வயதுப் பெண் தலைவியாகிறாள். பெல்லமி என்ற இளைஞன் அவளுக்குத் தோள் கொடுக்கிறான். அவன் தங்கை ஆக்டேவியா பின்னாளில் தனி ஆட்சியே நடத்துகிறாள்.

ஏழு பருவங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றுதான்: தன் மக்களைக் காப்பதற்காகத் தலைமை எதுவரை போகலாம்? ஒவ்வொரு தலைவரும் தருகின்ற விடை: போக வேண்டிய இடம்வரை. கேட்டால் காட்டுகின்ற காரணம்: வேறு வழியில்லை!

தோழர்களே, இந்தச் சொல்லை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். அப்போது அதன் பெயர் வேறு. பிள்ளை அம்மை கண்டு செத்தபோது ‘விதி’ என்றார்கள். ஏரி உடைந்து சேரி மூழ்கியபோது ‘விதி’ என்றார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி கணவனை இழந்து மூலையில் முடங்கியபோதும் ‘விதி’ என்றார்கள். அம்மைக்கு ஊசி வந்தது, விதி விலகிற்று. சிறுமி பள்ளிக்கூடம் போனாள், விதி வாய் மூடிற்று. காரணத்தைத் தேடாதே, கணக்குக் கேட்காதே, கைகட்டி நில் என்று சொல்வதற்காக வைத்த பெயர்தான் விதி என்பது விளங்கிற்று. இன்று அதே விதி வேறு உடுப்பில் வருகிறது. பட்டை போட்டு வரும் விதியைக் கண்டு எள்ளி நகையாடும் நம் தோழர்கள், படைச்சட்டை போட்டு வரும் விதிக்கு எழுந்து நின்று சலாம் வைக்கிறார்கள்!

‘வழியில்லை’ என்பது ஒரு முடிவு. முடிவென்றால் அதற்கு ஆய்வு வேண்டும். எத்தனை வழிகளைத் தேடினர்? தேடியவர் யார்? தேடும்போது யாரைக் கேட்டனர்? இதே ஜவ்வாது மலையில் காவலூரில் ஒரு வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1977 மார்ச்சில், யுரேனஸ் கோளுக்குப் பின்னால் ஒரு விண்மீன் மறைந்ததை அங்கிருந்தவர்கள் கருவிகொண்டு அளந்தனர். அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகுக்கு உணர்த்திய அளவீடுகளுள் காவலூரின் அளவீடும் ஒன்று. எத்தனையோ கோடிக் கல் தொலைவிலுள்ள வளையத்துக்கே அளவு கேட்கிறது அறிவு. எதிரே நிற்கும் முந்நூறு உயிரைக் கொல்வதற்கு ‘வழியில்லை’ என்ற ஒற்றைச் சொல் போதுமா? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு தொடரின் நான்கு இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, காற்று. கிளார்க்கின் தந்தை ஜேக் ஒரு பொறியாளர். பேழையின் உயிர்க்காற்று தீர்ந்துவருவதைக் கண்டறிந்தவர். மக்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றார். கூடாது என்றது ஆட்சிமன்றம். சொன்னால் கலவரம் வரும் என்று அஞ்சியது. சொல்ல முயன்ற குற்றத்துக்காக ஜேக் வெட்டவெளியில் தள்ளப்பட்டார். செய்தி தெரிந்த மகள் தனிச்சிறையில் அடைக்கப்பட்டாள். காற்று மேலும் குறைந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோரை மறைவாகக் கொன்றுவிட்டால் மற்றவர்க்குக் காற்று மிஞ்சும் என்று கணக்குப் போட்டது ஆட்சிமன்றம். அந்நேரத்தில் கிளார்க்கின் தாய் எபி, கணவர் பதிந்து வைத்திருந்த செய்தியை மக்கள் முன் ஒளிபரப்பிவிடுகிறார். மக்கள் கொதித்தனர், கேள்வி கேட்டனர். ஆனால் நிலையம் சிதறிப்போகவில்லை. தம் பிள்ளைகளாவது வாழட்டும் என்று 320 பேர் தாமே முன்வந்து உயிர் கொடுத்தனர்.

கண் கலங்க வைக்கும் காட்சி. ஆனால் கலங்கிய கண்ணோடு நின்றுவிட்டால் உண்மை தப்பிவிடும். அதே வேளையில் கீழே தரையில், மண் வாழத் தக்கது என்ற செய்தியை மேலே சொல்லக்கூடிய வானொலிக் கருவி ஒன்று ஆற்றில் கிடந்தது. அதை எறிந்தவன் பெல்லமி. ஆட்சித் தலைவரைச் சுட்டுவிட்டுத் தரைக்கு வந்தவன் அவன். மேலிருப்போர் வந்து இறங்கினால் தன் கழுத்துக்குச் சுருக்கு என்ற அச்சம் அவனுக்கு. அவனுக்கும் அன்று ‘வேறு வழியில்லை’! ஆக, மூடி வைத்த உண்மைகள் இரண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. அவை இரண்டும் சேர்ந்தே 320 பேரைத் தின்றன. சில நாட்களுக்குள் தரையின் செய்தி மேலே போய்ச் சேருகிறது. அப்போது செத்தவர்கள் திரும்பி வரவில்லை. ‘வழியில்லை’ என்று சொன்ன இடத்தில் வழி இருந்தது, அதைச் சொல்லும் வாய்தான் அடைக்கப்பட்டிருந்தது என்பதைத் தொடரே நமக்குக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, ஏவுகணை. மவுண்ட் வெதர் கோட்டையிலிருந்து ஓர் ஊரின்மீது ஏவுகணை வீசப்போகிறார்கள் என்ற செய்தி கிளார்க்குக்குக் கிடைக்கிறது. ஊரில் கூடியிருப்போர் தம் அணியினர், தரைவாழ் குலத்தார். சொன்னால் அவர்கள் பிழைப்பர். ஆனால் கோட்டைக்குள் ஒளிந்திருந்து உளவு சொல்லும் பெல்லமி இருக்கிறான் என்பதை எதிரி அறிந்துகொள்வான். தரைவாசிகளின் தலைவி லெக்சாவும் கிளார்க்கும் ஓசைப்படாமல் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். ஊர் எரிகிறது. ஏறத்தாழ 250 பேர் சாகின்றனர். தலைவியர் இருவரும் குன்றின்மேல் நின்று பார்க்கின்றனர். அவர்கள் முகத்தைப் பார்க்கிறோம் நாம்.

இக்காட்சியின் மூலம் எங்கே இருக்கிறது என்று வரலாறு படித்தோர் எளிதில் காண்பர். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரை அழித்தன. பகைவரின் மறைமொழியைத் தாம் உடைத்துவிட்ட மறைவு வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, முன்பே தெரிந்திருந்தும் சர்ச்சில் அந்நகரைப் பலிகொடுத்தார் என்ற கதை, 1974 இல் வின்டர்பாதம் எழுதிய நூல் வழியே உலகெங்கும் பரவியது. ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் அது உண்மையன்று என்று எடுத்துரைத்தனர். அன்றிரவு குறி காவென்ட்ரிதான் என்பது முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் கதை சாகவில்லை. ஏன்? நள்ளிரவில் தனியே அமர்ந்து, நகரத்தையே நெஞ்சில் எரியவிட்டு, நாட்டைக் காக்கும் தலைவன்! அந்தப் படம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது.

நடவாத காவென்ட்ரிக்கு இத்தனை கண்ணீர். நடந்த வங்காளத்துக்கு? 1942 இல் ஜப்பானியர் வந்துவிடுவர் என்ற அச்சத்தில், கரையோர மாவட்டங்களின் நெல்லை அப்புறப்படுத்தினர் ஆங்கில ஆட்சியினர். பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தனர், அழித்தனர். படகு போனால் மீனவனுக்கு வலையில்லை; உழவனுக்குச் சந்தையில்லை. புயல் ஒரு பக்கம், விலையேற்றம் ஒரு பக்கம். அடுத்த ஆண்டு பஞ்சம் வந்தது. தானியக் கப்பல் கேட்டபோது இலண்டன் போர் அமைச்சரவை வேண்டிய அளவு தரவில்லை. செத்தவர் 15 இலட்சம் என்றது 1945 ஆம் ஆண்டு விசாரணைக் குழு. 30 இலட்சம் வரை என்பர் பின்வந்த ஆய்வாளர். அவர்களைப் பலிகொடுத்த முடிவும் ‘போர்த் தேவை’தான். அந்த முடிவை எடுத்த மேசையருகே நள்ளிரவுத் துயரம் எதையும் எந்த நாடகமும் காட்டவில்லை. தேவை என்ற சொல் எப்போதும் முடிவெடுக்கும் அறையில் பிறக்கிறது. அந்த அறைக்குள் வர இயலாதவன் வயிற்றில் போய் விழுகிறது. தொடரின் குன்றின்மேல் நின்ற இரு தலைவியரும் அறைக்குள் இருந்தவர்கள். எரிந்த 250 பேர் வெளியே இருந்தவர்கள். இதைப் பாருங்கள் என்றுதான் நாம் சொல்லுகிறோம்.

மூன்றாவது, நாம் தொடக்கத்தில் சொன்ன நெம்புகோல். கோட்டைக்குள் வாழ்வோர் வெளிக்காற்றின் கதிரியக்கத்தைத் தாங்கமாட்டார். விண்ணிலிருந்து வந்தோரின் எலும்பு மச்சையை எடுத்தால் தாமும் வெளியே வாழலாம் என்று கண்டு, சிறைப்பிடித்த இளைஞரைத் துளைக்கின்றனர். கொடுமைதான். தடுக்க வேண்டியதுதான். ஆனால் கோட்டையில் எல்லாரும் துளைத்தவர்களா? இளைஞர்களை ஒளித்து வைத்துக் காத்த குடும்பங்கள் அங்கே இருந்தன. மாயா என்ற பெண் தன் உயிரைப் பணயம் வைத்து உதவினாள். குழந்தைகள் இருந்தனர். கிளார்க்கும் பெல்லமியும் கதிரியக்கக் காற்றை உள்ளே விட்டபோது, துளைத்தவனும் காத்தவளும் ஒருசேர மாண்டனர். ஜாஸ்பர் என்ற இளைஞன், பகைத் தலைவனை மட்டும் வீழ்த்தும் முயற்சியில் அப்போது ஈடுபட்டிருந்தான். இன்னும் சிறிது பொழுது கொடுத்திருந்தால் முடித்திருப்பேன் என்று அவன் கதறுகிறான். அவனால் முடிந்திருக்குமா? தெரியாது. தெரியாத ஒன்றை ‘இல்லை’ என்று முடிவு கட்டியதுதான் குற்றம்.

இங்கே நம் தமிழ் ஏட்டிலிருந்து ஒன்றை நினைவூட்டுவோம். ஜவ்வாது மலைக்குத் தெற்கே தென்பெண்ணை ஓடுகிறது. அக்கரையில் உள்ள திருக்கோவலூர் மலையமான்களின் ஊர். மலையமானைப் பகைத்த சோழன் கிள்ளிவளவன், அவன் பிள்ளைகளைப் பிடித்து வந்து யானைக் காலில் இடத் துணிந்தான். பகைவனின் விதை நாளைக்குப் பகையாக முளைக்கும் என்பது அரச தந்திரத்தின் கணக்கு. அன்றைய மொழியிலும் ‘வேறு வழியில்லை’தான். கோவூர் கிழார் என்ற புலவர் எழுந்தார். புறநானூற்றின் 46 ஆம் பாட்டு அது. புலவர் அரசனின் துயரத்தைப் பாடவில்லை. பிள்ளைகளைக் காட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்துவிட்ட சின்னஞ்சிறுவர்; முன்பின் பார்த்திராத கூட்டத்தைக் கண்டு மருளும் பிள்ளைகள் இவர்கள் என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நீ விரும்பியதைச் செய் என்று முடித்தார். பிள்ளைகள் பிழைத்தனர்.

அரசனுக்கு அதுவரை இல்லாத வழி, ஒரு பாட்டு முடிவதற்குள் எங்கிருந்து வந்தது? அது முன்பே இருந்தது. அவன் கண் பகைவனின் மேல் இருந்தது, பிள்ளைகளின்மேல் இல்லை. கண்ணைத் திருப்பியவர் புலவர். கிளார்க்கின் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை. இருந்தவர் பெல்லமி ஒருவர். அவர் தம் கையையும் நெம்புகோலில் சேர்த்தார். தலைமைக்குத் தேவை தோள் கொடுப்பவர் மட்டுமல்லர். கையைப் பிடித்து நிறுத்துபவரும்தான்.

நான்காவது, தோட்டம். இதுவே தொடரின் மிகக் கூர்மையான இடம் என்போம். மீண்டும் உலகம் எரிய, 1,200 பேர் நிலத்தடிக் கூடம் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டு வாழ்கின்றனர். தலைவி ஆக்டேவியா. ஒரு கட்டத்தில் பயிர் நோயுற்று உணவு தீருகிறது. இறந்தோரின் உடலை உண்ணும் நிலை வருகிறது. மறுத்தவர்களைத் துப்பாக்கி காட்டி உண்ண வைக்கிறாள். பிறகும் மறுத்தவர்களைச் சுடுகிறாள். அதைக்கூட, பசியின் இருளில் நடந்தது என்று வாதிடுவோர் இருக்கலாம். பின்னர் நடந்ததற்கு என்ன வாதம்? கூடத்திலிருந்து வெளியே வந்தபின், பசுமையான பள்ளத்தாக்கு ஒன்றைப் பகைவரிடமிருந்து போரிட்டுப் பிடிக்கப் புறப்படுகிறாள். மாண்டி என்ற இளைஞனோ, கூடத்தின் தோட்டத்தை மீண்டும் தளிர்க்க வைக்கலாம், இங்கேயே உண்டு வாழலாம், போர் வேண்டாம் என்று மெய்ப்பித்துக் காட்டுகிறான். ஆக்டேவியா என்ன செய்கிறாள்? தோட்டத்துக்குத் தீ வைக்கிறாள்! தங்க வழியில்லாமற் போனால்தான் மக்கள் போருக்கு வருவர் என்பதற்காக!

‘வேறு வழியில்லை’ என்ற சொல்லின் முழு உருவம் இங்கே வெளிப்படுகிறது. முதலில் வழியை எரி. பிறகு வழியில்லை என்று முழங்கு. போரின் முடிவில் அந்தப் பள்ளத்தாக்கும் அழிகிறது. மண்ணில் இருந்த கடைசிப் பசுமையும் போகிறது. தீ வைக்கப்பட்ட தோட்டம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், தோழர்களே. ‘தவிர்க்க முடியாத’ போர் என்று ஏடுகள் எழுதும்போதெல்லாம், தவிர்க்கும் வழியைத் தவிர்த்தவர் யார் என்று கேளுங்கள்.

இத்தனையும் இந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இதை நல்ல கலை என்கிறோம். செய்ததன் பயனை இது மறைப்பதில்லை. ஓர் அழிவு அடுத்த அழிவைப் பெற்றெடுப்பதைப் பருவம் பருவமாகக் காட்டுகிறது. பெண்ணைத் தலைவியாக்கி, அவளும் ஆணைப்போலவே தவறக் கூடும் என்று காட்டும் துணிவு இதற்கு உண்டு. பிறகு குறை எங்கே?

குறை, கேமராவின் கண்ணில் இருக்கிறது. கொலை நடந்தபின் அது எங்கே போகிறது? கொன்றவரின் முகத்துக்குப் போகிறது. கிளார்க் கலங்குகிறாள், முகாமுக்குள் வராமல் காட்டுக்குள் தனியே போய்விடுகிறாள். மக்கள் சுமக்க வேண்டாம், நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்பது அவள் கொள்கை. கேட்க உயர்வாக இருக்கிறது. எண்ணிப் பார்த்தால்? சுமையை அவள் கொண்டு போனாள் என்றால், கேள்வியையும் சேர்த்தே கொண்டு போனாள் என்று பொருள். யாருடைய பெயரால் கொன்றாளோ அந்த மக்கள், நம் பெயரால் என்ன நடந்தது என்று கூடிப் பேசவே இல்லை. தலைவி அழுதாள், கணக்கு முடிந்தது! குற்றத்தைத் தலைவர் மட்டும் சுமப்பார் என்பது, பாவத்தைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதைப் போன்றது. கண்ணீர் ஒருபோதும் தீர்ப்பு ஆகாது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் செங்கம் வட்டாரம் இருக்கிறது. அங்கே வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் பல்லவர் காலம் தொட்டு நின்ற நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972 இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று அவற்றை நூலாக்கியது. பெரும்பாலும் ஆநிரைச் சண்டைகள். கல்லின் தொடக்கத்தில் மன்னனின் ஆட்சியாண்டு இருக்கும். தலைவனின் பெயரும் இருக்கும். ஆனால் கல் நின்றது மன்னனுக்காக அன்று. செத்தவனுக்காக. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவகத்தியின் பெயரை அது சொல்லுகிறது. அதோடு நிற்கவில்லை. கள்ளனைக் கடித்து நின்று காவல் காத்த அவன் நாய் கோவிவன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது! நாய்க்கும் பெயர் கொடுத்த கல்லின் அடியில் நின்றுகொண்டு கேட்கிறோம்: நெம்புகோலை இழுத்தபோது அந்த உணவுக் கூடத்தில் சாய்ந்தவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? மாயா என்ற ஒரு பெயர் நினைவில் நிற்கிறது. மற்றவர்?

நடுகல் காலத்துக்குத் திரும்புவோம் என்று நாம் சொல்லவில்லை. மாட்டுக்காக மனிதன் செத்த காலம் அது. தன் பக்கத்துச் சாவுக்குத்தான் அன்று கல் நட்டனர். எதிர்ப்பக்கத்துச் சாவுக்கு நடவில்லை. நாம் கேட்பது அதனினும் மேலான ஒன்று: இரு பக்கத்துப் பெயரும் வேண்டும்.

நம் பழம்புலவர் சிலர் அந்தப் பார்வையை அறிந்தே இருந்தனர். செங்கத்து நன்னனை மலைபடுகடாம் புகழ்கிறது. மேற்கே கொண்கான நாட்டு நன்னன் வேறொருவன். அவன் காவல் மரத்தின் காய் ஆற்றில் மிதந்து வந்தது. அதை எடுத்துத் தின்ற ஒரு பெண்ணுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். 81 யானைகளும் அவள் நிறைக்குப் பொற்பாவையும் தருகிறோம் என்று உறவினர் மன்றாடியும் கேட்கவில்லை. காவல் மரத்தைக் காப்பது அரசின் மானம். அவனுக்கும் வேறு வழியில்லை போலும்! குறுந்தொகையில் பரணர் அவனுக்குப் பெண்ணைக் கொன்றவன் என்ற பெயரைச் சூட்டினார். அவன் படுக்கையில் உறங்காமல் புரண்டானா என்று அவர் பாடவில்லை. 2,000 ஆண்டு ஆகியும் அந்தப் பெயர் அழியவில்லை. திறனாய்வு என்றால் அது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மதித்து விடை சொல்ல வேண்டும். வாசலில் எதிரி நிற்கும்போது கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டிருக்க முடியுமா என்பர். முடியாத வேளைகள் உண்டு. ஒப்புகிறோம். நொடிப் பொழுதில் ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டிய இக்கட்டு மெய்யாகவே வரும். அதற்காகவே தலைமைக்கு மூன்று கடமைகள் சொல்லுகிறோம். முன்னதாக, தெரிந்த உண்மையை மக்களிடம் மறைக்காமல் வைத்தல். ஜேக் சொன்னதைச் சொல்லவிட்டிருந்தால் பாதி இக்கட்டே வந்திராது. இக்கட்டின்போது, தடுக்கும் குரலுக்குப் பக்கத்தில் இடம் வைத்தல். முடிந்தபின், ‘வழியில்லை’ என்று சொல்லாமல், ‘இவர்களைக் கொன்றேன், இதனால் கொன்றேன், தீர்ப்புச் சொல்லுங்கள்’ என்று மக்கள்முன் நிற்றல். இம்மூன்றும் இல்லாத தலைமை எவ்வளவு அழுதாலும் அது தலைமையன்று.

இது விண்வெளிக் கதைக்கு மட்டும் உரியதா? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர் என்று 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர் அம்மாநிலத் தனிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்தினர். இம்மலையின் ஊர்களிலிருந்து போனவர்களும் அவர்களுள் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம், வேறு வழியில்லை என்றது காவல்துறை. அந்தச் சொல்லை அப்படியே விழுங்காமல் கேள்வி கேட்டனர் மனித உரிமை இயக்கத்தார். தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரணையில் இறங்கியது. சாமை விளைச்சல் குடும்பத்துக்குப் போதாமல் கூலிக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்டைத் தவிர வேறு வழியை யார் விட்டு வைத்தனர் என்ற கேள்வியோ இன்னும் மீதியிருக்கிறது.

வெளியே மட்டும் விரல் நீட்டுவது நேர்மையாகாது. நம் அமைப்புகளுக்குள் எத்தனை முறை இச்சொல்லைப் பயன்படுத்துகிறோம்! ஒரு தோழரின் குற்றச்சாட்டை அமுக்கும்போது, ‘இயக்கத்தைக் காக்க வேறு வழியில்லை’. கணக்குக் கேட்டவரை ஒதுக்கும்போது, ‘இக்கட்டான நேரம், வேறு வழியில்லை’. கொள்கைக்குப் பகையானவரோடு கைகோக்கும்போதும் அதே பல்லவி. சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையானால் மெய்ப்பித்துக் காட்டட்டும். கேட்டவரின் வாயை அடைத்த பிறகு அது உண்மையா என்று அறிய எவராலும் இயலாது.

அன்றிரவு கூட்டம் கலையும் வேளையில், முதலில் பேசிய அதே தோழர் கேட்டார்: “அப்படியானால் அவள் நெம்புகோலை இழுத்திருக்கக் கூடாதா?”

“இழுத்ததைவிட, இழுத்தபின் அவள் தனியே போய்விட்டதுதான் நமக்குப் பெருங்குறை. செத்தவர்களின் பெயரை எவரும் கேட்கவில்லையே!” என்றோம்.

அவர் உடன்பட்டாரா என்பதை நாம் அறியோம். கைப்பேசியை எடுத்து அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். இம்முறை நெம்புகோல் வந்தபோது அவர் பார்வை அங்கே இல்லை. உணவுக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்.